சிவப்புக் கோட்டுக்குக் கீழே ஒரு வீடு

கோடு அக்காவின் சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஊரில் பாதிப் பேர் முழிப்பார்கள். "அதாங்க, தண்ணி இதுவரைக்கும் வரும்னு கோடு போடுறவங்க" என்றால் போதும், உடனே மேட்டுத்தெருவில் ஒரு மூன்றாவது மாடிக்குக் கை காட்டுவார்கள். கை காட்டும்போதே முகம் கொஞ்சம் சுளித்துக்கொள்ளும். ஊரில் பாதி வீடுகள் அவள் போட்ட கோட்டுக்குக் கீழே இருப்பவை.

கடலடியில் நிலம் அதிர்ந்து சுனாமி வந்தால் தண்ணீர் எதுவரை ஏறும் என்று வரைபடத்தில் காட்டும் சிவப்புக் கோடு அது. கோட்டுக்குக் கீழே இருக்கும் வீட்டில் இருப்பவர்கள் இருக்கலாம், சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம், கூரை ஓடு மாற்றலாம். ஆனால் புதிதாக ஓர் அறை எடுக்க முடியாது, மாடி கட்ட முடியாது. ஆபத்தான இடத்தில் ஆட்களை மேலும் மேலும் சேர்க்கக்கூடாது என்று சட்டம். சட்டம் போட்டவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள் என்று ஊருக்குத் தெரியாது. கோடு போட்டவள் தினமும் கண்ணெதிரே பஸ்ஸுக்கு நிற்கிறாள். அப்புறம் யாரைப் பிடிப்பார்கள்?

"அக்கா, நம்ம வீடு உள்ளயா, வெளியயா?" இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அவள் காது புளித்துப்போயிருந்தது. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் கேட்பார். முடி வெட்டப் போனால் கத்திரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டே கேட்பார்கள். ஒருமுறை நெஞ்சுச் சளிக்கு டாக்டரிடம் போனபோது, முதுகில் குழாயை வைத்து மூச்சை இழுத்து விடச் சொன்ன டாக்டர், அவள் மூச்சை இழுத்த நேரம் பார்த்துத் தன் மச்சினன் வாங்கப்போகும் மனையைப் பற்றி விசாரித்தார். அவள் மூச்சை விடும்போது "உள்ளதான்" என்று சேர்த்து விட்டாள். கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தியே பல வருடமாகிவிட்டது. கணவர் இருந்தவரைக்கும் அவர் மட்டும் போய்த் தலையைக் காட்டிவிட்டு வருவார். அவரும் போன பிறகு, மூன்று மாடி ஏறி அவள் வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்கள் எல்லாம் கோட்டுக்காகத்தான் தட்டினார்கள்.

நிலஅளவை அலுவலகத்தில் கடல் பிரிவில் வேலை. இளவயதில் சேர்ந்தபோது புள்ளி வைப்பதுதான் அவளுக்குக் கொடுத்த உத்தியோகம். சுவர் முழுக்க விரித்த கடல் வரைபடம். அதில் கரைக்கு இணையாக நீளமாக ஓடும் கடலடிப் பள்ளம். எங்கேயாவது அதிர்வு என்று தகவல் வந்தால் அங்கே ஒரு புள்ளி. ஆழத்தில் அதிர்ந்தால் நீலம், மேலாக அதிர்ந்தால் சிவப்பு. பெரிய அதிர்வுக்குப் பெரிய புள்ளி. ஆழத்தில் குலுங்கியதா, விட்டுத் தள்ளு. பக்கவாட்டில் உரசியதா, பெரும்பாலும் பிழைத்தோம். மேலாகக் குலுங்கி, கடலடித் தரையை ஒரு பக்கமாகத் தூக்கிவிட்டதா, அங்கேதான் வினை. அந்தப் புள்ளியிலிருந்து எந்தெந்தக் கரைக்கு எவ்வளவு நேரத்தில் அலை போய்ச் சேரும் என்று கணக்குப் போடவேண்டும். சில புள்ளிகளால் இங்கே ஒரு டம்ளர்கூட ஆடியிருக்காது. ஆனால் கடலுக்கு அந்தப் பக்கம், அவள் பார்த்திராத ஏதோ ஒரு கரையில், யாரோ மூட்டை முடிச்சோடு ஓடியிருப்பார்கள். அந்தக் கரைகளின் வளைவு நெளிவெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை.

பிறகு கணினி வந்தது, புள்ளியை அதுவே வைத்துக்கொண்டது. அவளுக்குக் கோடு மிஞ்சியது. கணினி தண்ணீரின் எல்லையைக் கட்டம் கட்டமாகக் கணக்குப் போட்டு, மாடிப்படி மாதிரி வெட்டி வெட்டிக் கொடுக்கும். அதை அப்படியே தெருவில் கொண்டுபோய் வைக்க முடியாது. அந்தப் படிகளை இழைத்து ஒரே கோடாக ஓட்டுவது மனிதக் கை செய்யும் வேலை. அதற்கு அலுவலகத்தில் இரண்டே வழக்கம். சந்தேகம் வந்தால் மேட்டுப்பக்கமாகத் தள்ளிப் போடு. கோடு ஒரு வீட்டைத் தொட்டால் முழு வீட்டையும் உள்ளே சேர்த்துக்கொள். வீடு பாதி நனைந்து பாதி காயப்போவதில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் வெளியே யாரிடமும் அவள் சொன்னதில்லை. வரைபடத்தில் நூல் பருமன் இருக்கும் அந்தக் கோடு, தரையில் ஒரு சந்தின் அகலம் வரும். அந்த அகலத்துக்குள் அவள் இப்படி வளைத்தாலும் அப்படி வளைத்தாலும் கேட்பதற்கு ஆள் கிடையாது. இது ஊருக்குத் தெரிந்திருந்தால் அவளை உயிரோடு தின்றிருப்பார்கள்.

புது வரைபடம் வரப்போகிறது என்ற செய்தி பரவியதும் ஊர் மறுபடி சூடானது. கடலடியில் புதிதாக இறக்கிய கருவிகள், பள்ளத்தில் ஓர் இடம் நகராமல் இறுகிக்கிடக்கிறது என்று காட்டியிருந்தன. தரையின் மேடு பள்ளத்தையும் விமானத்திலிருந்து மறுபடி அளந்திருந்தார்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் போட்ட கணக்கில் கோடு சில இடத்தில் மேலே ஏறியது, சில இடத்தில் கீழே இறங்கியது. மாதிரி வரைபடத்தை நகராட்சிக் கூடத்தில் ஒட்டியபோது கூட்டம் முண்டியடித்தது. அந்தக் கூட்டத்தில் அவளுடைய அண்ணனும் இருந்திருக்கிறான். அது அவளுக்குத் தெரியாது.

அண்ணன் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவன். முப்பது வருடம் இரும்பேணி ஏறி இறங்கி முழங்கால் இரண்டையும் துறைமுகத்துக்கே எழுதிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவன். அப்பா கட்டிய வீட்டில், கடலிலிருந்து நான்காவது தெருவில், அண்ணியோடு இருந்தான். இரண்டு வருடத்துக்கு முன் அண்ணிக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. கட்டில், சக்கர நாற்காலி, ஜன்னல், மறுபடி கட்டில். குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது எல்லாம் அண்ணன்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கை போய்க் கொஞ்சம் கைமாற்றிவிடுவாள்.

அந்த முழங்காலோடு மூன்று மாடி ஏறி அண்ணன் ஒரு காலையில் வந்து நின்றபோது, அண்ணிக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்றுதான் நினைத்தாள். அவன் மூச்சு வாங்கி முடிக்கும்வரை நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தான். தண்ணீர் குடித்தான். புது வரைபடத்தில் கோடு தங்கள் வீட்டுப் பின்சுவர்ப் பக்கத்திலேயே போகிறதாமே என்றான். மகள் குழந்தையோடு திரும்பி வந்துவிடப் போகிறாள், மேலே ஓர் அறை எடுக்கவேண்டும் என்றான்.

"கொஞ்சம் கடல் பக்கமா முன்னாடி தள்ளிப் போட்டா போதும் பாப்பா. ஒரு நூல்."

ஐம்பத்தைந்து வயதிலும் அவள் அவனுக்குப் பாப்பாதான். கோடு தன் கையில் இல்லை, கணக்கு சொல்கிற இடத்தில்தான் போடமுடியும், ஒருவருக்கு மாற்றினால் எல்லாருக்கும் மாற்றவேண்டும் என்று அவள் வரிசையாகச் சொன்னாள். எத்தனையோ பேருக்குச் சொல்லிச் சொல்லி வழவழப்பாகிவிட்ட வார்த்தைகள். சொல்லும்போதே அவளுக்குத் தன் குரல் பிடிக்கவில்லை.

அண்ணன் எழுந்தான். "ஊர்ல உள்ளவனுக்குச் சொல்ற பதிலையே எனக்கும் சொல்ற. சரி, இரு." படிக் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கினான். அவள் மேலிருந்து பார்த்துக்கொண்டே நின்றாள். போய்க் கையைப் பிடித்து இறக்கிவிட்டிருக்கலாம். செய்யவில்லை. அவளுக்கு அவன்மேல் கோபம். ஊரே கேட்டபோது ஒருநாளும் கேட்காத ஒரே ஆள் அவன் என்று அத்தனை வருடம் பெருமையாக நினைத்திருந்தாள். கடைசியில் அவனும் வரிசையில் வந்து நின்றுவிட்டான்.

அலுவலகத்தில் அவளுக்கு மேலதிகாரி அவள் வயதில் பாதி. படித்த பையன், மரியாதையானவன், கணக்கில் புலி. அவனிடம் போய், அந்தத் தெரு மட்டும் வேண்டாம், என் அண்ணன் வீடு வருகிறது, நீங்களே போட்டுவிடுங்கள் என்றாள். அவன் திரையைப் பெரிதாக்கிப் பார்த்தான். படிப்படியாக இறங்கிய எல்லையில் ஒரு படியின் மூலை, அண்ணன் வீட்டுப் பின்கட்டில் துணி துவைக்கும் கல்லைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"நான் போட்டாலும் நீங்க போட்டதாத்தான் மேடம் ஊரு பேசும். இந்த இடத்துல கணக்குக்கே தெரியல, உள்ளயும் இருக்கலாம், வெளியயும் இருக்கலாம். நீங்க எங்க போட்டாலும் நான் கையெழுத்துப் போடுறேன்."

இதைவிட அவன் திட்டியிருக்கலாம். அவள் இருக்கைக்கு வந்து உட்கார்ந்தாள். ஒரே ஒரு தடவை இழுத்துப் பார்ப்போம் என்று கோட்டைக் கடல் பக்கமாக இழுத்தாள். வீடு வெளியே வந்தது. ஆனால் ஒரு வீட்டுக்காகக் கோடு முண்டிக்கொண்டு நிற்க முடியாதே. இழைத்து ஓட்டியபோது பக்கத்தில் இரண்டு வீடுகளும் சேர்ந்து வெளியே வந்தன. ஒன்றில், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் ஓர் அம்மா இருந்தாள். வெளியே என்று ஆகிவிட்டால் சுனாமி ஒத்திகை நாளில் அந்தக் குழந்தைகளை யாரும் மேட்டுக்குக் கூட்டிப்போக மாட்டார்கள். அவள் கோட்டைப் பழையபடி விட்டாள். அன்று முழுக்க வேறு வேலை ஓடவில்லை.

சந்தேகமான இடத்தைக் காலால் நடந்து பார்ப்பது அவளுக்குப் பழக்கம். மறுநாள் சாயங்காலம் மேட்டிலிருந்து கடல் பக்கமாக இறங்கினாள். அண்ணன் வீட்டுக்குப் பின்னால் செங்குத்துப் பாறை, ஏற வழி கிடையாது; அங்கிருந்து மேட்டுக்கு வர ஓடையை ஒட்டிய இந்தச் சரிவு ஒன்றுதான் பாதை. சரிவுக்குப் பாதியில் தபாலாபீஸ் முக்கு. அதற்குக் கொஞ்சம் கீழே பஞ்சர் கடை. கடைக்காரர் அவளைப் பார்த்ததும் எழுந்து வந்தார். உள்ளயா வெளியயா என்று ஆரம்பிக்கப்போகிறார் என்று நினைத்தாள். அவர் கேட்டது வேறு.

"உங்க அண்ணனுக்கு உடம்பு சரியாத்தான இருக்குக்கா? தெனம் மத்தியானம் சக்கர நாற்காலில மணல் மூட்டைய வச்சுத் தள்ளிக்கிட்டு மேலே வர்றாரு. ஆளு இல்ல, வெறும் மூட்டை. நானே எத்தனையோ பஞ்சர் ஒட்டிக் குடுத்துட்டேன்."

எதுவரைக்கும் தள்ளுகிறார் என்று கேட்டாள்.

"அந்தா, அந்த முக்கு வரைக்கும். அங்க உக்காந்துருவாரு. கடிகாரத்தப் பாப்பாரு, திரும்பிப் போயிருவாரு. ஒருநாள்கூட அதத் தாண்டுனதில்ல."

அவள் அந்த முக்கைத் திரும்பிப் பார்த்தாள். வரைபடத்தின் மூலையில் ஒரு பெட்டிக்குள் அவள்தான் அச்சடித்திருந்தாள்: அதிர்வு நின்றதிலிருந்து முதல் அலைக்கு இருபத்திரண்டு நிமிடம். ஒரு வீட்டில் ஒரு மனிதன் அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு, பெண்டாட்டியின் எடைக்கு மணலை நிறுத்து மூட்டை கட்டியிருக்கிறான்.

அவள் போனபோது அண்ணன் பின்கட்டில் அந்தத் துவைகல் பக்கத்தில் நாற்காலிச் சக்கரத்திலிருந்து மணலைக் கழுவிக்கொண்டிருந்தான். தங்கையைப் பார்த்ததும் வாளியை அவசரமாகத் தள்ளி வைத்தான். அவள் மணல் மூட்டையைத்தான் பார்த்தாள்.

"மக வரப்போறான்னு சொன்னியே?"

"அவ எங்க வரப்போறா. போன் பண்றதே அதிசயம்." குரலைத் தாழ்த்தினான். "மெதுவாப் பேசு. உங்க அண்ணி காதுல விழுந்தா, என்னை விட்டுட்டு நீ ஓடுன்னு ஆரம்பிச்சுருவா. அழுவா. மேடு வரைக்கும் என்னால தள்ள முடியல பாப்பா. தள்ளிப் பாத்துட்டேன். மாடின்னு ஒண்ணு இருந்தா எப்படியாவது தூக்கிட்டு ஏறிருவேன்."

அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் சொல்லவேண்டியதாயிற்று. அப்பா கட்டிய சுவரில் தூண் கிடையாது. அதன்மேல் மாடி ஏற்றினால், தண்ணீர் வரும்போது கீழ்ச்சுவர் போகும், மாடியும் கூடவே போகும். படகும் மரமும் காருமாக அடித்துக்கொண்டு வரும் தண்ணீர் அது. அண்ணன் கேட்டுக்கொண்டே நின்றான். ஈரக் கையை வேட்டியில் துடைத்தான்.

"அப்ப என்னதான் பண்ணச் சொல்ற?"

தண்ணீர் எங்கே வரும், எப்போது வரும் என்று ஆயுள் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. ஓட முடியாதவர்கள் என்ன செய்வது என்று எழுத அந்த வரைபடத்தில் ஒரு பெட்டிகூடப் போடவில்லை. அத்தனை வருட வேலையும் அந்த வாளித் தண்ணீரில் கரைந்துபோனமாதிரி இருந்தது அவளுக்கு. வெட்கமாகவும் இருந்தது. அண்ணியிடம் சொல்லிக்கொள்ளாமலேயே வெளியே வந்துவிட்டாள்.

மறுநாள் அந்தத் தெருவின் கோட்டைப் போட்டு முடித்தாள். சந்தேகம் வந்தால் மேட்டுப்பக்கம். துவைகல், பின்சுவர், வீடு, பக்கத்து வீட்டுக் குழந்தைகள் எல்லாம் உள்ளே. மேலதிகாரி ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டான். அந்த வாரமே மூன்றாவது மாடி வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லிவிட்டு, இரண்டு பெட்டியையும் ஒரு தலையணையையும் ஆட்டோவில் ஏற்றினாள். அலுவலகத்தில் எல்லாருக்கும் வாய் பிளந்துவிட்டது. கோடு அக்கா கோட்டுக்குள்ளே குடிபோகிறாள் என்று ஊரில் இரண்டு நாள் அதே பேச்சு.

ஆட்டோ வாசலில் நின்றபோது அண்ணன் வெளியே வந்தான். பெட்டிகளைப் பார்த்தான். தலையணையைப் பார்த்தான். அவன் முகம் கோணியது. அழுகையா கோபமா என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

"கோட்ட நகத்துன்னு சொன்னா, நீ நகந்து வந்திருக்கியா?"

"தள்ளுறதுக்கு ரெண்டு பேர் இருந்தா போயிறலாம்ல அண்ணா" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மணல் மூட்டைக்குப் பதில் அண்ணியை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். எதற்கு என்று விளக்க அண்ணன் தடுமாறிக்கொண்டிருந்தான். காற்று வாங்க என்றான். அண்ணிக்குப் பேச்சு கொஞ்சம் குழறும், ஆனால் புத்தி கத்தி.

"மணல் மூட்டைய விட நான் கனம் கம்மியாத்தான் இருப்பேன். மூட்டை கட்டுனப்பவே எங்கிட்ட கேட்டிருக்கலாம்" என்றாள். ஜன்னல் பக்கம் கட்டில் போட்டுவிட்டு அவளுக்குத் தெரியாமல் செய்கிறானாம்.

கடிகாரத்தைப் பார்த்துக் கிளம்பினார்கள். முதல் இரண்டு தெருவுக்கு ஆளுக்கொரு கைப்பிடி. சரிவு ஆரம்பித்ததும் அண்ணனின் மூச்சு சத்தமாகக் கேட்டது. பஞ்சர் கடை தாண்டும்போது அவன் கை கைப்பிடியில் சும்மா இருந்ததே தவிரத் தள்ளவில்லை. இவள்தான் அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டிருந்தாள். தபாலாபீஸ் முக்கு வந்ததும் அவன் கையை எடுத்தான். திட்டில் உட்கார்ந்து, போ போ என்று விரலால் காட்டினான். அவள் நின்றாள். அவன் மறுபடி, இந்தமுறை அதட்டலாக, கையை வீசினான்.

அவள் தள்ளினாள். தோள் கழன்றுவிடும் போலிருந்தது, கண்ணில் வியர்வை இறங்கியது, ஆனால் தள்ள முடிந்தது. அவளுக்கே ஆச்சரியம். மேட்டுப் பூங்காவின் இரும்புக் கம்பி வேலியைத் தொட்டபோது இன்னும் நேரம் மிச்சமிருந்தது. வாழ்க்கையில் முதல்தடவையாகத் தான் போட்ட கணக்கில் ஓர் ஆள் பிழைத்ததைக் கண்ணால் பார்த்த மாதிரி ஒரு சந்தோஷம் வந்தது. அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

அண்ணி கழுத்தைத் திருப்ப முயன்றாள். அந்தப் பக்கம் அவளுக்குத் திரும்பாது.

"அவரு எங்க?"

"தபாலாபீஸ் முக்குல உக்காந்திருக்காரு, அண்ணி. கால் வலி."

அண்ணி கீழே தெரிந்த கூரைகளுக்கு நடுவே அந்த முக்கைத் தேடினாள். பிறகு, ஊரே அவளிடம் கேட்டுச் சலித்த அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"அந்த முக்கு உள்ளயா, வெளியயா?"

பஸ்ஸில் கேட்டவருக்கும் டாக்டருக்கும் கண் இமைக்காமல் சொன்ன பதில்தான். அந்த முக்கை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஓடை வழியாகத் தண்ணீர் ஏறும் என்பதால், இந்தச் சரிவில் கோடு அதற்கு மேலே, தபால் பெட்டியைத் தாண்டித்தான் போகிறது. அவளே இழைத்துப் போட்ட கோடு.

"உள்ளதான் அண்ணி."

அண்ணி தலையை ஆட்டிக்கொண்டாள். நல்ல கையால் கம்பி வேலியை உந்தி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள்.

"அப்ப எறக்கு என்னை. அவருகிட்டப் போவோம்."

அவள் அழுதாள். மறைக்கவும் இல்லை. பிறகு நாற்காலியைத் திருப்பிச் சரிவில் இறக்கினாள். இறக்கத்தில் நாற்காலி தன்பாட்டுக்கு ஓடப் பார்த்தது. ஏற்றத்தில் தள்ளியதைவிட அதைப் பிடித்து நிறுத்தித் தபாலாபீஸ் முக்குவரை கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் அவளுக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது.